எழுபது கிலோ

எடைமேடை சரிபார்க்க வந்தவன் நான்.
கோயமுத்தூர் கம்பெனி, மூன்று வாரம்,
சிலிம் ரிவரில் ஒரு மாடியறை,
கீழே சீனர் ஒருவரின் டயர்க் கடை.

முதல் நாள் காலை
செம்பனை ஆலை வாசலில்
கிராணி யசோமதி கேட்டார்:
"பசியாறிட்டீங்களா?"
பசிக்கவே இல்லைங்க என்றேன்.
சாப்பிட்டாயிற்றா என்பதற்கு
இங்கே அதுதான் சொல் என்று
மறுநாள்தான் தெரிந்தது.
அதற்குள் எனக்கென்று வாங்கி வைத்த
நாசி லெமாக் பொட்டலம்
மேசையில் கிடந்து ஆறிப்போயிருந்தது.

அவர் தமிழைத் திருத்தினேன்.
கித்தா இல்லைங்க, ரப்பர் என்றேன்.
"ரப்பர் எந்த ஊர்த் தமிழு?"
கேட்டுவிட்டு
அடுத்த லாரியை மேடைக்குக் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் கண்ணில் பட்டது.
குலை நிரம்பி வரும் லாரியில்
ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார்.
கொட்டிவிட்டுக் காலியாய்த் திரும்புகையில்
இறங்கி, ஓரமாய் நின்று
சிகரெட் பற்றவைப்பார்.
குணசீலன் எழுபத்தொரு கிலோ இருப்பார்.
ஒல்லியான ஹஃபிஸ் ஓட்டி வந்தால்
பக்கத்து இருக்கையில்
ஒரு பையன் ஏறிக்கொள்வான்.

ஆள் எடையும் பழக் கணக்கில்.
எனக்கா தெரியாது?
பதினாறு வருஷம்
பஞ்சாலை, கரும்பாலை, பழைய இரும்புக் கடை,
எல்லாத் திருட்டும் பார்த்தவன்.
அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன்,
யசோமதி பெயரை இரண்டு இடத்தில் போட்டு.
மழையில் இணையம் அறுந்திருந்தது.
அது போகவில்லை.
என் நிதானம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
மழைதான்.

விடிந்ததும்
ஈப்போவிலிருந்து வந்த எடைக்கற்களை ஏற்றினேன்.
ஐந்து டன்: சரி.
பத்து டன்: முப்பது கிலோ குறைவு.
பதினைந்தில் எழுபது.
இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன்.
எழுபது.

தளத்தடியில் டார்ச்சோடு ஊர்ந்து போனேன்.
வருஷக்கணக்கில் வழிந்த சேறு,
உதிரிப் பழம், எண்ணெய்ப் பிசுக்கு
எல்லாம் இறுகிக் கல்லாகி
மேடைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.
காலி வண்டிக்கு மேடை அதைத் தொடாது.
கனம் ஏறினால் தாழும்.
அப்போது மண்ணும் கொஞ்சம் சுமக்கும்.
மண் சுமந்தது எந்தச் சீட்டிலும் ஏறாது.

மேலிருந்து குரல்:
"எவ்வளவு?"
சொன்னேன்.
"நான் அறுபத்தெட்டுன்னு போட்டிருந்தேன்."

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாராம்.
மேடை பொய் சொல்லாது என்று பதில் வந்ததாம்.
ஒரு லாரிக்குள் ஏழெட்டுப் பேர் பழம்,
எல்லாம் மூணு ஏக்கர் நாலு ஏக்கர்க்காரர்கள்.
"அதான் ஆள வச்சு நிரப்புனேன்.
வேற என்னா செய்யச் சொல்றீங்க?"

இரண்டு நாள் கடப்பாரை போட்டு இடித்தோம்,
நானும் அந்தப் பையனும்.
பெயர் ரபிகுல், வங்காளதேசம், போலாத் தீவு.
கடப்பாரைக்கு அவன் ஊரில் ஷாபோலாம்.
நானும் ஷாபோல் என்றே கேட்டு வாங்கினேன்.

அறிக்கையில் 'பிழையின் காரணம்' என்ற கட்டத்தில்
தளத்தடியில் மண் என்று எழுதினேன்.
'இதர குறிப்புகள்' கட்டத்தில்
பேனாவை ஊன்றி, கொஞ்சம் யோசித்து
எடுத்துவிட்டேன்.
ஒரு நீலப்புள்ளி மட்டும் விழுந்தது.

கிளம்பும் நாள்
குணசீலன் காலி லாரியை மேடையேற்றி
கதவைத் திறந்து
இறங்கி ஓரமாய் நின்றார்.
"இனிமே இறங்க வேணாம்ணே."
அட ஆமா என்று ஏறிக்கொண்டார்.
பின்னால் வந்த ஹஃபிஸும் இறங்கினார்.

விடைபெற வார்த்தை கிடைக்காமல்
பசியாறிட்டீங்களா என்றேன்.
"எங்க? நாலு லாரி நிக்குது" என்றவர்
தன் பொட்டலத்தை என் பையில் திணித்து
பஸ் போயிடும், ஓடுங்க என்றார்.

தஞ்சோங் மாலிம் தாண்டிப் பிரித்தேன்.
இந்தத் தடவையும் ஆறித்தான் போயிருந்தது.
இலையில் ஒட்டிய சம்பல் வரை
வழித்துத் தின்றேன்.